மோட்டார் கடைக்காரனின் ரோட்ஸ்டர்

திண்டிவனத்தில் இரண்டே சீட் உள்ள காரை வாங்குகிறவன் ஒன்று கல்யாணம் ஆகாதவனாக இருக்கவேண்டும், இல்லை, வீட்டில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருக்கவேண்டும். எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. எல்லோரோடும் பேச்சுவார்த்தை இருந்தது, வண்டி வீட்டுக்கு வந்த அன்று வரை.

"நாலு பேரையும் உட்காரவெச்சிட்டு நீ எங்கடா உட்காருவே?" என்று அம்மா கேட்டார். இரண்டு பேருக்குத்தான் இடம் என்று சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

செஞ்சி ரோட்டில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறேன். போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள், கிணற்றுக்கு மோனோபிளாக், ஸ்டார்ட்டர், கேபிள், பி.வி.சி. பைப். மயிலம், ரெட்டணை, வெள்ளிமேடுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள்தான் வாடிக்கை. இப்படிப்பட்டவனுக்குக் கூரை மடியும் ஜெர்மன் ரோட்ஸ்டர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் ஊர் வழியாகப் புதுச்சேரிக்கு விரைகிற சென்னைக்காரர்களைப் பல வருஷமாகப் பார்த்து வயிறெரிந்ததுதான் காரணம் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

வண்டி 2010 தொடக்கத்தில் புதுச்சேரியில் பதிவானது. முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியது. பட்டனை அமுக்கினால் இரும்புக் கூரை இரண்டாக மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் தப்பெல்லாம் என்னுடையது. அதற்கு அவர்களை இழுப்பது நியாயமில்லை. 2023-ல் நான் கொடுத்த விலை, டாப் மாடல் கிரெட்டாவைவிடக் குறைவு. இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கார் கிழடாக ஆக அதன் விலைதான் இறங்கும், ஸ்பேரின் விலை இறங்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அறுபது லட்சத்து வண்டியைப் பதினைந்து லட்சத்துக்கு வாங்கலாம். அதன் பம்ப்புக்கும் பலகைக்கும் அறுபது லட்சத்து வண்டிக்காரன் கொடுக்கிற காசைத்தான் கொடுக்கவேண்டும்.

புதுச்சேரி எண் வேறு. பி.ஒய்-01 எண்ணில் சொகுசுக் கார்கள் ஏன் அத்தனை ஓடுகின்றன என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததில்லை. அங்கே சாலை வரி குறைவு. 2017-ல் மலையாளத் திரையுலகினர் சிலர் கேரளத்தில் வசித்துக்கொண்டு புதுச்சேரியில் காரைப் பதிவு செய்தது வழக்காகி நாடறிந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம் வரி. பழைய வண்டியைக் கொண்டுவந்தாலும் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றவேண்டும். வயதுக்கேற்ற கழிவு போக வரி கட்டவேண்டும். 37 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் வேறு மாநிலம் என்பதை, அங்கே சாயங்காலம் போய்வருகிற காரியங்களுக்காக மட்டுமே ஞாபகம் வைத்திருந்தவன் நான். கட்டினேன். டி.என்.16 ஆயிற்று.

வாங்குவதற்கு முன்னால் நான் படிக்காமல் இல்லை. ரொம்பவே படித்தேன். பழைய ரோட்ஸ்டர்களின் வியாதிகளை மருத்துவக் கல்லூரி மாணவன் மாதிரி மனப்பாடம் செய்தேன். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் என்ஜினுக்குள்ளே இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் என்ஜினே குப்பை. அமெரிக்காவில் அதற்காகக் கூட்டு வழக்குப் போட்டு 2013-ல் சமரசம் ஆனது. மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. 350-ல் வந்த எம்272 என்ஜினின் ஆரம்ப உருப்படிகளில் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேய்ந்துபோகும். சக்கரம் சின்னதுதான், மாற்றுவதற்கு என்ஜினையே வெளியே எடுக்கவேண்டும். சின்ன என்ஜின் போட்ட எஸ்.எல்.கே.யில் டைமிங் செயின் நீண்டு தளரும். பி.எம்.டபிள்யூ. இசட்4-ன் பழைய துணிக்கூரை மாடலில் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டார், தண்ணீர் சேரும் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். வடிகால் அடைத்தால் மூழ்கும்.

கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது "பம்ப்தானே" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பேரிங்குக்கும் பல்சக்கரத்துக்கும்தான் தூக்கம் போனது. விற்றவர் வீட்டு வாசலில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து, என்ஜின் எண்ணைப் படித்து, அது எந்த வருஷத்து உருப்படி என்று சரிபார்த்தேன். ஆன்லைனில் ஸ்கேனர் வாங்கிப் பூட்டினேன். விற்றவர் டீ கொடுத்துவிட்டு, "சார் மெக்கானிக்குங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

என்ஜின் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்கு எதிராக நான் செய்திருந்த ஏற்பாடெல்லாம் வீண்.

முதல் அடி மயிலம் முருகன் கோயிலுக்குப் பூஜை போட எடுத்துப்போன அன்றே விழுந்தது. வழியில் ஒரு வேகத்தடை. ஊர்க்காரர்கள் சொந்தச் செலவில் போட்டது போல, கணக்கில்லாத உயரம். ஸ்விஃப்டில் ஏறுகிற பழக்கத்தில் நேரே ஏறினேன். முன் பம்பரின் கீழ் உதடு "கர்ர்ர்" என்றது. பின்னால் வந்த டி.வி.எஸ். எக்ஸெல்காரர் நிறுத்தி, "சார், குறுக்கால ஏத்துங்க, குறுக்கால" என்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு சக்கரமாகச் சாய்வில் ஏறி இறங்கவேண்டும். அன்றிலிருந்து எங்கள் ஊர் வேகத்தடைகளை நான் கோயில் பிராகாரம் சுற்றுகிற நிதானத்தில்தான் கடக்கிறேன். பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்கள் என் குலத்தை விசாரிக்கிறார்கள்.

டயர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முன் சக்கரத்துக்கு ஒரு அளவு, பின் சக்கரத்துக்கு வேறு அளவு. மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. அந்த அளவு திண்டிவனத்தில் யாரிடமும் இல்லை. ஸ்டெப்னியும் கிடையாது, டிக்கியில் ஒரு பாட்டில் பசையும் ஒரு குட்டிக் காற்றுப் பம்ப்பும்தான். கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஆணி குத்தி, பட்டு வேட்டியோடு பசையைப் பாய்ச்சியதில் பாதி டயருக்கும் பாதி வேட்டிக்கும் போனது. சலவைக்காரர் வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூரைக்கு வருகிறேன். இந்த வண்டியின் உயிரே அதுதான். டிக்கிக்குள் ஒரு எலெக்ட்ரிக் பம்ப். அது எண்ணெய்க்கு அழுத்தம் கொடுத்துக் குழாய்களில் அனுப்பும். அங்கங்கே இருக்கிற சிலிண்டர்கள் நீண்டும் சுருங்கியும் கூரையின் பூட்டைத் திறந்து, டிக்கி மூடியைப் பின்பக்கமாகத் தூக்கி, கூரையை மடித்து உள்ளே வைக்கும். ஒவ்வொரு அடியும் முடிந்தது என்று ஒரு சின்ன சுவிட்ச் தகவல் கொடுத்தால்தான் அடுத்த அடி. ஒரு சுவிட்ச் முரண்டு பிடித்தாலும் எல்லாம் அங்கேயே நிற்கும்.

வாங்கிய மாதமே கூரை அசையவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். சோதனைக் கட்டணம் 3,500 என்றார்கள், கட்டினேன். ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டரைப் பூட்டவில்லை, ஸ்பேனரை எடுக்கவில்லை. டிக்கியைத் திறந்து, உள்ளே சுருண்டு கிடந்த ஒரு திரையை இழுத்து இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டினான். கூரை வந்து உட்காரும் இடத்தில் சாமான் இல்லை என்று வண்டிக்கு உறுதி சொல்கிற திரை அது. மாட்டாவிட்டால் கூரை நகராது. பட்டனை அமுக்கினான், கூரை திறந்தது.

"புக்ல இருக்குது சார்" என்றான்.

புத்தகம் உறை பிரிக்காமல் டேஷ்போர்டில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான், ஸ்டார்ட்டரில் டிரை ரன் சுவிட்ச் எதற்கு என்று கேட்ட ரெட்டணை விவசாயி ஒருவருக்கு, "வாங்கறதுக்கு முன்னாடி பேப்பரைப் படிக்கணும்ங்க" என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன்.

அப்புறம் எண்ணெய். கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டுகிற சிலிண்டர் ஓட்டுநரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. வருஷம் போகப் போக உள்ளே இருக்கிற சீல் இறுகிக் கசியும். பழைய மடிகூரை வண்டிகளில் இது சகஜமான வியாதி. எனக்குத் தெரியாது. உச்சந்தலை பிசுபிசுவென்று இருக்கிறதே என்று ஷாம்பு மாற்றினேன். மனைவி சந்தேகப்பட்டு முகர்ந்து பார்த்து, "இது என்ன எண்ணெய்ங்க?" என்றாள். கடை எண்ணெயாக இருக்கும் என்றேன். கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. தலைமுடி கொட்டுவதற்கு வைத்தியரிடம்கூடப் போனேன். கடைசியில் சட்டைக் காலரில் விழுந்த சொட்டைத் தொட்டுப் பார்த்தபோதுதான் விரலுக்கு அது பழக்கமான சமாச்சாரமாகத் தெரிந்தது.

வண்டி விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய பெருமை உண்டு. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகர். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அவன் பாணனுக்குத் தேர் பரிசு கொடுக்கிறான். தேரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. இழுக்கக் காளையும் ஓட்ட வலவனும் சேர்த்து, அன்றைக்கே வழியனுப்புகிறான். கைதேர்ந்தவர்கள் செய்து, ஓட்டிப் பார்த்துப் பேர் எடுத்த தேர் என்று புலவர் குறிப்பிடவும் மறக்கவில்லை. டெஸ்ட் டிரைவும் ஆயிற்று, டிரைவரும் ஆயிற்று. அதே ஊரில் எனக்குக் கிடைத்தது ஏரிக்கரை ஒர்க் ஷாப்பில் டாட்டா ஏஸ் பார்க்கிற மெக்கானிக் ஒருவர்தான். கேலி செய்யவில்லை. அவரிடம் முதலிலேயே போயிருந்தால் இந்தப் பத்தியே இருந்திருக்காது. ஜெர்மன் வண்டியை அவர் கையில் கொடுப்பதா என்று நினைத்தவன் நான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. எச்சரிக்கை வந்ததுமே செயலில் இறங்கினேன். வீட்டு போர்ட்டிகோவில் ஸ்விஃப்ட் நிற்கும்; ரோட்ஸ்டர் பக்கத்துக் காலிமனையில். அந்த மனை எங்கள் தெருவிலேயே மேடு. பெரிய புளியமரம் ஒன்றும் உண்டு, வெயில் படாது. வெள்ளம் வந்தால் ஸ்விஃப்டுக்குத்தான் ஆபத்து, நம் வண்டிக்கு இல்லை என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி, அவர்களையும் வண்டியை மேட்டில் ஏற்றச் சொன்னேன். 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், கடந்தபின் மணிக்கணக்கில் நகரவே இல்லை. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. தெரு ஆறாக ஓடியது. மேட்டில் ரோட்ஸ்டரின் சக்கரத்தைக்கூட வெள்ளம் தொடவில்லை. மாடியிலிருந்து பார்த்துப் பெருமைப்பட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் போய் டிக்கியைத் திறந்தால் உள்ளே குளம்.

ஏரிக்கரைக்காரரை அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். வேறு யாரும் வர வழியில்லை, ரோடு அப்படி. பின்பக்கக் கம்பளத்தை உரித்து, பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். கூரைக்கும் டிக்கி மூடிக்கும் நடுவில் விழுகிற மழைத்தண்ணீரைப் பிடிக்க ஒரு வாய்க்கால் உண்டு. அதிலிருந்து ரப்பர் குழாய் கீழே இறங்கிப் பின்சக்கரத்துப் பக்கம் வெளியே விடும். அந்தக் குழாயின் வாயில் விரலை விட்டார். கறுப்பாக, மக்கி, தேயிலைச் சண்டுபோல் ஒரு உருண்டை வந்தது. பிரித்துக் காட்டினார். புளிய இலை. பெரிய இலை எதுவும் அந்தக் குழாய்க்குள் போயிருக்காது. புளிய இலையின் சிற்றிலை அதற்கென்றே அளவெடுத்தது மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷ நிழலுக்கு மரம் வசூலித்த வாடகை.

"மாசத்துக்கு ஒரு தபா சைக்கிள் பிரேக் வயரை விட்டு ஆட்டி இருந்தீங்கன்னா போதும் சார். காத்து மட்டும் அடிச்சிடாதீங்க, குழா உள்ள கழண்டுக்கும்."

"எவ்வளவு கொடுக்கட்டும்?"

"இருநூறு குடுங்க. டீசலுக்கு."

குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தது கூரைப் பம்ப். பட்டனை அமுக்கினால் இப்போது மணிச் சத்தம்கூட இல்லை. திரையை மாட்டிப் பார்த்தேன், கழற்றி மாட்டிப் பார்த்தேன்.

நடுவில் ஆர்.சி. வேறு முடிந்துவிட்டது. வண்டிக்கு 15 வயது. உள்ளூர்க் காராக இருந்தால் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி இறக்குமதிக் காருக்கு 40,000. கூரை திறக்காத, டிக்கி நாறுகிற வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூரையைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்து பதில்கூடத் தயாரித்திருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். கூரை திறக்கும் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ, நான் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று.

அப்புறம் ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு. ஓடுகிற வண்டியை ஏன் ஏற்றினாய் என்பீர்கள். மழை வந்தால் மறுபடியும் உள்ளே இறங்குமே என்ற பயம். ஏற்றிப்போன அன்று வெயில் 38 டிகிரி. ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளில் என் காருக்கு அல்ல, அதைச் சுமந்த லாரிக்குக் கட்டணம் கட்டினேன். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து ஜெர்மன் கார்த் தொழிற்சாலை ஓடுகிறது. அங்கே பூட்டுவதெல்லாம் குடும்பஸ்தர்களுக்கான கார்கள். ரோட்ஸ்டரை இந்தியாவில் யாரும் பூட்டுவதில்லை, கப்பலில்தான் வரவேண்டும். அதன் ஸ்பேரும் அப்படியே.

எஸ்டிமேட் வந்தது. பம்ப் அசெம்ப்ளி 1,62,000. அதற்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. 45,360. ஹைட்ராலிக் எண்ணெய், முன்பூட்டு சிலிண்டருக்குப் புது சீல், கூலி, கூலிக்கு 18 சதவீதம் தனி. "ரிப்பேர் பண்ண முடியாதா?" என்று கேட்டேன். "இதெல்லாம் ஓப்பன் பண்றதில்லீங்க சார், அசெம்ப்ளியாத்தான் மாத்தணும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். சரிங்க என்றேன். இதே வார்த்தையை எந்த மோட்டார் கம்பெனிக்காரன் என் கடையில் சொல்லியிருந்தாலும் விரட்டியிருப்பேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து மூழ்கிய மோட்டாரையும் சேறு ஏறிய மோட்டாரையும் பாம்பு நுழைந்த மோட்டாரையும் பிரித்துச் சுற்றிக் கொடுத்துத்தான் என் வீட்டில் சோறு. குளிரூட்டிய அறையில், கண்ணாடி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது அந்தத் தொழில் எதுவும் எனக்குத் தெரிந்ததாக ஞாபகமே வரவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான் பில் கட்டியது ஜூனில். இன்னும் மூன்று மாதம் கூரையை மூடியே ஓட்டியிருந்தால் 16,200 ரூபாய் மிச்சம். அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: 20 வயதைத் தாண்டிய இறக்குமதிக் காரைப் புதுப்பிக்க 80,000. 2030-க்கு அதுவும் எனக்காகக் காத்திருக்கிறது.

மாற்றிய பழைய பம்ப்பை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கடையின் பின்னறையில் கிடந்தது. ஒரு மத்தியானம், எங்களிடம் ரீவைண்டிங் பார்க்கிற பையன் சும்மா இருக்க முடியாமல் பிரித்துவிட்டான். காயில் நன்றாக இருந்தது. துரு ஏறி கார்பன் பிரஷ் இரண்டும் ஹோல்டருக்குள் பிடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்யூட்டேட்டரைத் துடைத்து, கிரைண்டருக்குப் போடுகிற பிரஷ்ஷை அரத்தில் ராவி மாட்டி, பேட்டரியில் தொட்டான். "உய்ங்" என்று ஓடியது. பிரஷ் விலை ஜோடி 60 ரூபாய்.

"ஓனர், இது எந்த போர்ல இருந்து வந்தது?" என்றான்.

இப்போது அது கவுன்டர் மேல் இருக்கிறது. பேட்டரி இணைப்பும் உண்டு. வருகிறவர்கள் தொட்டு ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். டிரை ரன் சுவிட்ச் வகுப்புக் கேட்ட அதே ரெட்டணைக்காரர் போன வாரம் வந்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சின்னதா நல்லாருக்குதே. எத்தினி அடிக்குத் தண்ணி தூக்கும்?"

"தண்ணி தூக்காதுங்க. கூரையத்தான் தூக்கும்."

"கூரைய எதுக்குங்க தூக்கணும்?"

கேபிள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன்.